மதராஸ் மாகாணத்தின் பழைய கணக்குகளில் இறங்குபவர்களுக்கு: 1947-ஐத் தாண்டி ஒரு விலைப் பட்டியல் தயாரிப்பது எப்படி?

1931 முதல் 1960 வரை தஞ்சாவூர் மாவட்டத்தில் நெல் என்ன விலைக்குப் போனது, அறுப்புக் கூலி அதோடு சேர்ந்து ஏறியதா? இதுதான் என் கேள்வி. இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்துத் தொடங்கினேன். பதினோரு மாதம் ஆனது. அதில் நான்கு மாத வேலையை அப்படியே தூக்கிப் போட வேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கும் சுதந்திர இந்தியாவின் கணக்கும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் என்று நான் நம்பியதுதான் காரணம். அவை அப்படி உட்காராது. எல்லை வேறு, ஆண்டு வேறு, காசு வேறு, படி வேறு.

இந்தக் காலகட்டத்தின் வரலாறு பற்றி நல்ல புத்தகங்கள் இருக்கின்றன, அதை இங்கே சொல்லப் போவதில்லை. ஆய்வு மாணவராகவோ, ஊர் வரலாறு எழுத நினைப்பவராகவோ நீங்கள் முதல் முறையாகப் பழைய அரசாங்கத் தாள்களைத் தொடப் போகிறீர்கள் என்றால் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பது மட்டும்தான் இது.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள் (ஒரு வாரம், செலவில்லை)

"சுதந்திரத்துக்குப் பின் தமிழ்நாட்டுப் பொருளாதாரம்" என்பது கேள்வி இல்லை. அதோடு காப்பகத்துக்குப் போனால் உங்களுக்குக் காட்டுவதற்கு லட்சம் கட்டுகள் இருக்கும். ஒரு பொருள், ஓர் இடம், ஒரு காலம் என்று மூன்றையும் வைத்து எழுதுங்கள். "1937-இல் சேலத்தில் மதுவிலக்கு வந்ததிலிருந்து 1956 வரை மாகாண அரசின் வருவாயில் கள்ளு, சாராய வருமானம் போன இடத்தை 1939-இல் வந்த விற்பனை வரி எவ்வளவு தூரம் நிரப்பியது?" இது கேள்வி. எந்த ஆவணம் தேவை என்பது இந்த வரியிலேயே இருக்கிறது: ஆண்டு வரவு செலவு அறிக்கைகள், கலால் நிர்வாக அறிக்கைகள், வணிக வரி அறிக்கைகள்.

கிராம அளவில் செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தன் மாணவர்களை வைத்துச் சில கிராமங்களை ஆய்வு செய்தார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி ஆகியவை அவற்றில் உண்டு. அதே ஊர்களுக்கு 1936-37-இல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் மறுபடி போனார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த ஊர்களில் மறு ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஒரே ஊருக்கு 1947-க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கணக்கு வேண்டுமென்றால் புதிதாகத் தேடுவதைவிட இங்கிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம். இது முன்பே தெரிந்திருந்தால் நான் தஞ்சாவூரில் பாலக்குறிச்சியைத்தான் எடுத்திருப்பேன்.

2. எல்லையைப் பூட்டுங்கள்

பெரும்பாலானவர்கள் கடைசியில் யோசிப்பதை நீங்கள் இரண்டாவதாகவே செய்துவிடுங்கள். 1951 கணக்கெடுப்பில் மதராஸ் மாநில மக்கள்தொகை 5.7 கோடி. 1961-இல் 3.37 கோடி. பத்தே ஆண்டில் இரண்டு கோடிக்கு மேல் ஆட்கள் காணாமல் போகவில்லை. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பர் 1 அன்று மலபார் கேரளத்துக்கும் தென் கன்னடத்தின் பெரும்பகுதி மைசூருக்கும் போயின, கன்னியாகுமரியும் செங்கோட்டையும் வந்து சேர்ந்தன. இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் எண்ணினால் 1951-இல் சுமார் 3.01 கோடி. மக்கள்தொகையில் இந்த வேறுபாடு கண்ணில் அறையும். நிலவரியிலும் நெல் விளைச்சலிலும் இதே வேறுபாடு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

மாநிலம் சரி, மாவட்டம்? புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச்சில்தான் திருச்சி மாவட்டத்தோடு இணைந்தது. அதற்கு முந்தைய "பிரிட்டிஷ் இந்தியா" அட்டவணை எதிலும் அது இருக்காது. கொள்ளேகால் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத் தாலுகா. திருத்தணி 1960-இல் வந்தது. பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இன்றைய நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை எல்லாம் அடக்கம். ஆகவே மாவட்டப் பெயரை நம்பாதீர்கள். தாலுகாப் பட்டியலை எழுதிவைத்து, அந்தத் தாலுகாக்களை மட்டும் கூட்டுங்கள்.

வணிகக் கணக்கு எடுப்பவர்களுக்கு இரண்டு தேதிகள். 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா பிரிந்தது. ரங்கூனிலிருந்து நாகப்பட்டினத்துக்கு வந்த அரிசி அதற்கு முதல் நாள்வரை கரையோர வணிகம், மறுநாளிலிருந்து வெளிநாட்டு இறக்குமதி. வெளிநாட்டு வணிகப் புத்தகத்தை மட்டும் புரட்டினால் 1937-இல் திடீரென அரிசி இறக்குமதி எகிறியது போலத் தெரியும். அதே மாதிரி 1948 மார்ச் 1 முதல்தான் சுங்கக் கணக்கில் பாகிஸ்தான் வெளிநாடு. இடைப்பட்ட ஆறரை மாதத்தை எந்தப் பக்கம் சேர்க்கிறீர்கள் என்று அடிக்குறிப்பில் எழுதுங்கள்.

3. இணையத்தில் கிடைப்பதை முதலில் தீர்த்துவிடுங்கள் (மூன்று முதல் ஐந்து வாரம்)

காப்பகத்தில் நான் முதல் வாரம் கையால் படியெடுத்த அட்டவணைகளில் பாதி இணையத்தில் இலவசமாகக் கிடந்தது. அது தெரிந்த அன்று வந்த எரிச்சலில்தான் இந்தக் கட்டுரை எழுதும் எண்ணமே வந்தது.

இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் பெயர் பதிந்துகொண்டு தேடலாம். டெல்லிக்கு ரயில் ஏறும் முன் அங்கே பார்த்துவிடுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவில் மாவட்டக் கையேடுகள், கெசட்டியர்கள், கணக்கெடுப்புத் தொகுதிகள் நிறைய உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தமிழில் அச்சான பழைய நூல்களும் இதழ்களும் கிடைக்கும். ரிசர்வ் வங்கியின் வரலாற்றுத் தொகுதிகள் வங்கியின் தளத்திலேயே இருக்கின்றன.

கணக்கெடுப்புத் தொகுதிகளில் இரண்டு பள்ளங்கள். 1941-இல் போரைக் காரணம் காட்டிப் பல அட்டவணைகளைத் தயாரிக்கவே இல்லை, ஆகவே 1931-இலிருந்து 1951-க்குத் தாவ வேண்டியிருக்கும். அப்படித் தாவினால், 1951-இல் தொழில் வகைப்பாடே மாறியிருக்கும். மக்களை எட்டு வாழ்வாதார வகுப்புகளாகப் பிரித்திருப்பார்கள், உழைக்காத குடும்ப உறுப்பினரும் அதில் அடக்கம். 1931-இன் "விவசாயக் கூலி"யை 1951-இன் வகுப்போடு நேராக ஒப்பிட்டு எழுதப்பட்ட ஆய்வேடு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். யாருடையது என்று கேட்காதீர்கள்.

4. காகிதங்களைத் தயார் செய்யுங்கள் (இரண்டு வாரம் முன்னதாக)

காப்பகங்களில் பொதுவாகக் கேட்பவை இவை. கல்வி நிறுவனத்தின் அல்லது வழிகாட்டியின் பரிந்துரைக் கடிதம், அடையாள அட்டை நகல், பாஸ்போர்ட் அளவுப் படங்கள், ஆய்வுத் தலைப்பும் காலமும் குறிப்பிட்ட விண்ணப்பம். எந்த நிறுவனத்தையும் சேராதவர்கள் தங்களை யார் அறிமுகப்படுத்தலாம் என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது.

கடிதத்தில் தலைப்பைக் குறுக்காதீர்கள். "1931-1947" என்று கடிதம் வாங்கிக்கொண்டு ஒரு காப்பகத்துக்குப் போனேன். 1952-ஆம் ஆண்டுக் கோப்பைக் கேட்டபோது, கடிதத்தில் அந்த ஆண்டு இல்லையே என்று திருப்பிவிட்டார்கள். புதுக் கடிதத்துக்கு ஒன்பது நாள். இரண்டு பக்கமும் பத்து வருடம் கூடுதலாகப் போட்டு வாங்குங்கள்.

பென்சில், கோடு போட்ட நோட்டு, முகக்கவசம். பேனாவைப் பெரும்பாலும் உள்ளே விட மாட்டார்கள். கைபேசிப் படம் எடுக்கலாமா, நகலுக்குப் பக்கத்துக்கு எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் என்ற மூன்றையும் முதல் நாள் காலையிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்ஜெட்டே அதை வைத்துத்தான்.

5. அட்டவணையிலிருந்து கோப்புக்கு

சென்னையில் வேலை செய்பவர்களுக்கு எழும்பூர்தான் தலைநகரம். ரயில் நிலையத்தை ஒட்டிய காந்தி இர்வின் சாலையில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய பெயர் மதராஸ் ரெக்கார்ட் ஆபீஸ், 1909-இல் கட்டிய சிவப்புக் கட்டடம். அதே எழும்பூரில் கன்னிமாரா நூலகம். அச்சான அறிக்கைகளுக்கு அங்கே போகலாம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், அடையாறில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் (எம்.ஐ.டி.எஸ்.) நூலகம். முதலில் அச்சான அறிக்கை, பிறகுதான் கோப்பு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஆண்டுதோறும் வந்த பருவ, பயிர் அறிக்கையைப் பார்க்காமல் வருவாய் வாரியக் கோப்புக்குள் நுழைவது கிணற்றின் ஆழம் தெரியாமல் குதிப்பது மாதிரி.

கோப்பு கேட்க மூன்று விவரம் வேண்டும்: துறை, எண், தேதி. நிலம், வரி, விலை சம்பந்தப்பட்டவை பெரும்பாலும் வருவாய் வாரிய நடவடிக்கைகளில் இருக்கும். 1786-இல் ஏற்பட்டு 1980-இல் கலைக்கப்பட்ட வாரியம் என்பதால் நம் காலம் முழுதும் அது உண்டு, தொடர்ச்சி அறுபடாது. மற்றவை அந்தந்தத் துறையின் அரசாணைகளில். ஒவ்வோர் ஆண்டுக்கும் அட்டவணைப் புத்தகம் (இன்டெக்ஸ்) உண்டு. "நெல்" என்று மட்டும் தேடாதீர்கள். "அரிசி", "உணவு தானியம்", "விலை", "கட்டுப்பாடு", "கொள்முதல்" என ஐந்து தலைப்பிலாவது பாருங்கள். 1942-க்குப் பிறகு உணவு விவகாரமே தனித் தலைப்பாகிவிடும்.

எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்தையும் கவனியுங்கள். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரமாக வைத்திருக்க வேண்டிய கோப்பு. டி.டிஸ். பத்து ஆண்டுக்குப் பின்னும், எல்.டிஸ். அதைவிடச் சீக்கிரமும் அழிக்கப்பட வேண்டியவை. இன்றைய அரசுக் கடிதங்களில் நி.மு., ப.மு., மு.மு. என்று வருவதும் இதே மாதிரிப் பகுப்புதான். 1944-ஆம் ஆண்டு எல்.டிஸ். கோப்பு ஒன்றுக்காக நான் இரண்டு வாரம் தினமும் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அது நான் பிறப்பதற்கு முன்பே எரிந்து போயிருக்கும்.

6. ஆண்டு, காசு, அளவை

என் நான்கு மாதம் செத்த இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

ஆண்டு. வருவாய்த் துறைக்குப் பசலி ஆண்டு, ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. பசலியோடு 590 கூட்டினால் தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1357 என்றால் 1947 ஜூலை முதல் 1948 ஜூன். நிதிக் கணக்குக்கு ஏப்ரல் முதல் மார்ச். கூலிக் கணக்கு சில இடங்களில் காலண்டர் ஆண்டு. ஆகவே ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் தொடக்க மாதம், முடிவு மாதம் என்று இரண்டு கட்டம் போடுங்கள். ஒரு வேடிக்கை: சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர். கே. சண்முகம் செட்டியார் 1947 நவம்பர் 26 அன்று வைத்த முதல் வரவு செலவுத் திட்டம் ஆகஸ்ட் 15 முதல் மார்ச் 31 வரைக்கு மட்டும். வருவாய் 171.15 கோடி, செலவு 197.39 கோடி என்பது ஏழரை மாதக் கணக்கு. அதை முழு ஆண்டாக எடுத்துக்கொண்டு அடுத்த ஆண்டோடு ஒப்பிட்டு வளர்ச்சி விகிதம் போடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

காசு. 1957 ஏப்ரல் 1-க்கு முன் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 தம்பிடி. ஏட்டில் 3-7-6 என்றிருக்கும். நான் அதைக் கணினியில் 3.76 என்று அடித்தேன், அதுவும் அறுநூறு வரி. உண்மையில் அது 3.47. ரூபாய், அணா, தம்பிடி என மூன்று தனிக் கட்டங்களில் அடித்து, அணாவை 16-ஆலும் தம்பிடியை 192-ஆலும் வகுத்துக் கூட்டுங்கள். 1818-க்கு முன்னால் போகிறவர்களுக்கு வராகன், பணம், காசு என்று வேறு உலகம். வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று அந்த ஆண்டு மாற்றினார்கள். பவுண்டில் எழுதிய தொகைகளை மாற்றும்போது ஆண்டு பாருங்கள். ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸாக இருந்தபோது பவுண்டுக்கு 15 ரூபாய். 1927-இல் 1 ஷில்லிங் 6 பென்ஸ் ஆனதும் 13 ரூபாய் 5 அணா 4 தம்பிடி. டாலர் வேண்டுமென்றால் 1949 செப்டம்பர் மதிப்புக் குறைப்பில் 3.30-இலிருந்து 4.76-க்குப் போனது.

அளவை. மணங்கு (பழைய எடை அளவு) என்று பார்த்ததும் ஓர் எண்ணால் பெருக்கிவிடாதீர்கள். ரயில்வேயும் மைய அரசும் எழுதும் மணங்கு 82 பவுண்டு சொச்சம். மதராஸ் மணங்கு சுமார் 25 பவுண்டு. மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். கலம், மரக்கால், படி இவை முகத்தல் அளவை, ஊருக்கு ஊர் வேறு. மாவட்டக் கையேட்டில் அந்தந்தத் தாலுகாவின் மரக்கால் எத்தனை படி என்று இருக்கிறதா என்று பார்த்து அதையும் நகல் எடுங்கள். நிலத்துக்கு ஏக்கர் இல்லாத இடங்களில் தஞ்சாவூரில் வேலி, செங்கல்பட்டில் காணி. கர்ணம் (கிராமக் கணக்கர்) எழுதிய கணக்கில் மா, காணி என்றால் நில அளவாகவும் இருக்கலாம், இருபதில் ஒன்று, எண்பதில் ஒன்று என்ற பின்னமாகவும் இருக்கலாம். முன்பின் வரி பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நெல்லா அரிசியா என்றும் பாருங்கள். குத்திய அரிசி எடையில் நெல்லின் மூன்றில் இரண்டு பங்கு, முகத்தலில் பாதி.

அப்புறம், எல்லோரையும் ஒரு தடவையாவது கவிழ்க்கும் பொறி. பழைய விலைப் பட்டியல்கள் "ரூபாய்க்கு இத்தனை சேர்" என்று இருக்கும் (சேர் என்பது பழைய அளவை). எண் குறைந்தால் விலை ஏறியிருக்கிறது. ரூபாய்க்கு 8 சேரிலிருந்து 6 சேர் ஆனால் விலை மூன்றில் ஒரு பங்கு உயர்ந்ததாக அர்த்தம். சராசரி எடுக்கும்போதும் முதலில் ஒவ்வொன்றையும் சேருக்கு இவ்வளவு ரூபாய் என்று திருப்பிவிட்டு, பிறகு எடுங்கள். 4-க்கும் 8-க்கும் சராசரி 6 என்று போட்டால் சேருக்கு 16.7 காசு வரும், சரியான விடை 18.75.

7. அது யாருடைய விலை?

போர்க்காலத்தில் தொடங்கிய ரேஷனும் விலைக் கட்டுப்பாடும் 1952-இல் ராஜாஜி முதல்வராக இருந்தபோதுதான் முற்றிலும் எடுக்கப்பட்டன. நடுவில் ஏட்டில் இருக்கும் விலை பெரும்பாலும் அரசு நிர்ணயித்த விலை. மிராசுதார் இரவில் வண்டி கட்டி விற்ற விலை அதில் இல்லை. அந்த ஆண்டுகளை மட்டும் பட்டியலில் வேறு நிறத்தில் வையுங்கள். கறுப்புச் சந்தை வழக்குகள் பற்றிய அரசாணைகளில் பிடிபட்ட சரக்கின் விலை சில நேரம் இருக்கும். எனக்கு அப்படிக் கிடைத்தவை மிகச் சில, ஆனால் அவைதான் என் கட்டுரையின் உயிர்.

கூலிக்கும் இதே கேள்வி உண்டு. தஞ்சாவூரில் பண்ணையாளுக்கும் அறுப்பாளுக்கும் கூலி பெரும்பாலும் நெல்லாகத்தான் கொடுத்தார்கள். அதைக் காசாக்கி எழுதிய அதிகாரி எந்த விலையில் மாற்றினார் என்பதைப் பொறுத்து கூலி ஏறியதா இறங்கியதா என்பதே மாறும். முடிந்தவரை மரக்காலிலேயே வையுங்கள். 1952-இன் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தை ஒட்டிய கோப்புகளைத் தவறாமல் கேளுங்கள், சட்டம் சொன்ன கூலியையும் கொடுத்த கூலியையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

8. குறியீட்டு எண்ணை ஒட்டவைத்தல்

போர்க்கால மொத்த விலைக் குறியீட்டுக்கு அடிப்படை (100 என்று வைத்துக்கொண்ட காலம்) 1939 ஆகஸ்ட் 19-இல் முடிந்த வாரம். பின்னர் வந்ததற்கு 1952-53. இரண்டும் ஒன்றாக வெளியான மாதங்களைக் கண்டுபிடித்து அங்கே இணையுங்கள், தோராயமாக ஒட்டாதீர்கள். எந்த அறிக்கையின் எந்தப் பதிப்பு என்றும் எழுதுங்கள். 1949-இல் மகாலனோபிஸ் தலைமையில் அமைந்த தேசிய வருமானக் குழு, 1948-49-க்கு முதல் அறிக்கையில் 8,710 கோடி என்றது, இறுதி அறிக்கையில் 8,650 கோடி என்று திருத்தியது. இரண்டையும் மேற்கோள் காட்டியவர்கள் இருக்கிறார்கள், இருவரும் தப்பு சொல்லவில்லை.

9. காலமும் செலவும்

ஒரு மாவட்டம், ஒரு பொருள், முப்பது ஆண்டு என்றால் என் அனுபவத்தில் நியாயமான கணக்கு: வீட்டில் ஆறு வாரம், அச்சான அறிக்கைகளுக்கு நான்கு வாரம், கோப்புகளுக்கு ஆறு வாரம், அளவைகளை மாற்ற நான்கு வாரம். கடைசியைத்தான் எல்லோரும் ஒரு வாரம் என்று போடுவார்கள்.

செலவில் பெரியது வெளியூர்க்காரருக்குத் தங்கும் இடம், அடுத்தது நகல். முதல் வாரம் 400 பக்கம் நகல் எடுத்தேன், பயன்பட்டது 60. மூன்றாம் வாரத்திலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன்: முதல் நாள் பென்சிலில் குறிப்பு, மறுநாளும் அந்தப் பக்கம் தேவை என்று தோன்றினால் மட்டும் நகல். செலவு மூன்றில் ஒன்றானது.

இன்று கேட்ட கோப்பு இன்றே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை திங்களுக்கான சீட்டுகளைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். நிதியாண்டு முடியும் மார்ச் கடைசியில் அலுவலகம் எதுவும் உங்கள் பக்கம் திரும்பாது, அந்த இரண்டு வாரத்தை மொழிபெயர்ப்புக்கோ தட்டச்சுக்கோ வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பும் தேதிக்கு முந்தைய ஐந்து வேலை நாளில் புது நகல் விண்ணப்பம் போடாதீர்கள். போட்டதற்கான ரசீதையும் நோட்டின் உள்ளட்டையில் ஒட்டிவையுங்கள், உங்களுக்குப் பதிலாக நண்பர் யாராவது போய் வாங்க வேண்டி வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.